மொரீசியஸ் எக்கோ கிளியும் நம்ம ஊர்ப் பச்சைக்கிளியும்: அடையாளம், பொந்து, கூட்டுப்பெட்டி

கோபி_வாய்க்கால்மேடு:

வணக்கமுங்க. பள்ளி இயற்கை மன்றத்துக்குத் தீவுப் பறவைகள் பற்றி விளக்கப் பலகைகள் தயாராகுது. அதில் ஒன்று மொரீசியஸ் தீவின் எக்கோ கிளி. இணையத்தில் அந்தப் பேரில் கிடைக்கிற படங்களில் பாதி நம்ம சோளக்காட்டுக் கிளியை அச்சாக உரிச்சு வச்ச மாதிரி இருக்குது. இரண்டையும் எப்படிப் பிரிச்சு அறியறது? அடுத்தது, நம்ம பச்சைக்கிளி மக்காச்சோளக் கருதைக் காலி பண்ணிட்டு ஊரெல்லாம் பெருகுது. அதே சாயல் கிளி அங்கே பத்துப் பறவைக்கு வந்து நின்னது எதனால? கடைசியா, அங்கே பெட்டி வச்சுக் காப்பாத்தினாங்கன்னு படிச்சோம். அதையே இங்கே தென்னந்தோப்பில் பசங்களை வச்சுச் செய்யலாமுங்களா? விவரம் தெரிஞ்சவங்க அளவோட சொன்னா உதவியா இருக்கும்.

ஆனைமலை_அடிவாரம்:

முதலில் அலகைப் பாருங்க. நம்ம பச்சைக்கிளியில் ஆண், பெண் இரண்டுக்குமே மேல் அலகு சிவப்பு. எக்கோ கிளியில் வளர்ந்த ஆணுக்கு மட்டும்தான் மேல் அலகு சிவப்பு, பெண்ணுக்கு இரண்டு அலகும் கருப்பு. மொரீசியஸில் எடுத்த படத்தில் பச்சைக் கிளிக்குக் கருப்பு அலகு இருந்தால் அது எக்கோவேதான். ஆனால் உடனே பெண் என்று எழுதிவிடாதீங்க. பொந்தை விட்டு வரும்போது எக்கோ குஞ்சுகளுக்கு ஆண் பெண் வேறுபாடு இல்லாமல் ஆரஞ்சு கலந்த சிவப்பு அலகு இருக்கும். சில மாதத்தில் அது கருத்துவிடும். ஆண் குஞ்சுக்கு வளர்ந்த பிறகுதான் மறுபடி சிவக்கும். அதனால் கருப்பு அலகு இளம் ஆணாகவும் இருக்கலாம்.

ஆண் பறவையின் படம் மட்டும் கிடைத்தால் கொஞ்சம் சிரமம். இரண்டுக்கும் கழுத்தில் கருப்புக் கோடும் ரோஜா வளையமும் உண்டு, பிடரியில் நீலச் சாயலும் உண்டு. அப்போது உடம்பையும் வாலையும் பார்க்கணும். எக்கோவின் பச்சை அடர்த்தியானது, நம்ம கிளியின் மஞ்சள் கலந்த இளம்பச்சை அதில் இல்லை. உடம்பு பருமன், இறக்கை அகலம், வால் குட்டை. பலகையில் வெறும் நீளத்தை எழுதினால் குழப்பம்தான் வரும், ஏனென்றால் இரண்டும் 40 செ.மீ. சுற்றியே வரும். நம்ம கிளியின் நீளத்தில் பெரும்பகுதி வால். எடையைப் போடுங்க: எக்கோ 170 முதல் 190 கிராம், நம்ம கிளி சராசரியா 120 கிராம்.

பறக்கிற விதமும் வேற. நம்ம கிளி கூட்டமாக, கத்திக்கொண்டே, நேர்கோட்டில் வேகமாகப் போகும். எக்கோ ஒன்றிரண்டாக மர உச்சிக்கு மேலே நிதானமாக இறக்கையடித்துப் போகும், குரலும் தாழ்ந்தது. படம் கரும்புக்காட்டிலோ ஊர்த் தோட்டத்திலோ எடுத்ததாக இருந்தால் பெரும்பாலும் நம்ம கிளிதான். ஆமாங்க, அங்கேயும் நம்ம கிளி இருக்குது. 1886 வாக்கில் கூண்டிலிருந்து தப்பித்துப் பெருகிய இனம் அது. இணையப் படக் குழப்பத்துக்கு அதுவே காரணம்.

இன்னொரு சங்கதியையும் பலகையில் சேர்க்கலாம். மொரீசியஸ், ரீயூனியன், ரோட்ரிக்ஸ் மூன்றும் சேர்ந்த மஸ்கரீன் தீவுகளில் ஒரு காலத்தில் பல கிளி இனங்கள் இருந்தன. ரோட்ரிக்ஸ் தீவின் கிளி 1875க்குப் பிறகு காணப்படவில்லை. ரீயூனியனில் இருந்த எக்கோ 18ஆம் நூற்றாண்டிலேயே போய்விட்டது. மிச்சம் இருப்பது மொரீசியஸ் எக்கோ மட்டும்.

நொய்யல்_தெற்கு:

இரண்டாவது கேள்விக்கு வர்றேன். நம்ம ஊரில் கிளிக்குப் பொந்து செய்து கொடுப்பது யாரு? மரங்கொத்தியும் குக்குறுவானும். காய்ந்த தென்னையிலும் மொட்டைப்பனையிலும் அவை குடைந்த ஓட்டையைக் கிளி கொஞ்சம் கடித்து அகலப்படுத்திக் குடியேறிவிடும். மொரீசியஸில் மரங்கொத்தியே கிடையாது. அங்கே ஒரு பொந்து உருவாக வேண்டுமானால் பெரிய மரத்தில் கிளை ஒடிந்து, தண்ணீர் இறங்கி, உள்ளே மக்கி, குழியாக வேண்டும். இளமரத்தில் அது நடக்காது. எக்கோ தேடுவது தரையிலிருந்து 10 மீட்டருக்கு மேலே, வாசல் 10 முதல் 15 செ.மீ., ஆழம் அரை மீட்டருக்குக் குறையாத பொந்து. நம்ம புன்னைக்கு உறவான தட்டமாக்கா, மகிழுக்கு உறவான மிமுசாப்ஸ், கோலோஃபான் போன்ற கிழட்டு மரங்களில்தான் அது கிடைக்கும். தீவில் நல்ல நிலையில் மிஞ்சிய பூர்வீகக் காடு 2 சதவீதத்துக்கும் கீழே. கரும்புக்கும் தேயிலைக்கும் போனது போக, 1970களில் மேட்டுநிலக் காட்டை வெட்டிப் பைன் நட்டார்கள். அந்த இடம் கிளிக்கு இரை கொடுத்துக்கொண்டிருந்த இடம்.

இரை விஷயமும் அப்படித்தான். நம்ம கிளிக்குக் கம்பு இல்லாவிட்டால் சூரியகாந்தி, அதுவும் இல்லாவிட்டால் கொய்யா, வேப்பம்பழம். எக்கோ பூர்வீக மரங்களின் காய், பழம், பூ, இலை, விதையை நம்பியே வாழ்கிற பறவை. ஒரு மரம் காய்த்து முடிந்ததும் அடுத்தது என்று வருசம் முழுக்கக் காட்டுக்குள்ளேயே சுற்றும். தரைக்கு இறங்குவது அரிது. ஒரு காலில் இலையைப் பிடித்துக்கொண்டு சதையை மட்டும் அலகால் வழித்துத் தின்றுவிட்டு நரம்பைக் கீழே போடும். மரத்தடியில் அப்படி நாராகக் கிடக்கும் இலைகளை வைத்து மேலே கிளி மேய்ந்ததைச் சொல்லலாம்.

இந்தக் காட்டுக்குள் வெளியிலிருந்து வந்தவை பல. நீளவால் குரங்கு பழத்தைப் பிஞ்சிலேயே பறித்து எறிகிறது, முட்டையையும் குஞ்சையும் எடுக்கிறது. கருப்பெலி பொந்துக்குள் ஏறுகிறது. மானும் பன்றியும் நாற்றை மேய்ந்து கிளறுகின்றன. சீனக்கொய்யா என்கிற புதர்க்கொய்யா அடர்ந்து நிற்கிற இடத்தில் பூர்வீக மரத்தின் விதை முளைத்தாலும் வெளிச்சம் கிடைக்காமல் செத்துப்போகும். சத்தியமங்கலம் பக்கம் உண்ணிச்செடி செய்வதும் இதேதான்: மேலே மரம் நிற்கும், கீழே அடுத்த தலைமுறை இருக்காது.

பொந்து, இரை, எதிரி என்று மூன்றும் சேர்ந்து நெருக்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் புயல்கள் வந்தன. 1975இல் ஜெர்வேஸ், 1979 டிசம்பரில் கிளாடெட். எக்கோ ஆகஸ்ட், செப்டம்பரில் கூடு பிடிக்கும். 2 முதல் 4 முட்டை, அடைகாப்பு மூன்று வாரத்துக்குச் சற்று மேல், பிறகு குஞ்சு பறக்க 50 முதல் 65 நாள். டிசம்பர், ஜனவரி என்றால் குஞ்சு பொந்திலோ புதுசாகப் பறக்கத் தொடங்கியோ இருக்கும், அதுதான் அங்கே புயல் மாதம். கிழட்டு மரம்தான் முதலில் சாயும். 1980களின் நடுவில் 8 முதல் 12 பறவைகள் என்ற கணக்குக்கு வந்தது இப்படித்தான். அதிலும் பெண் மூன்று போல.

கோபி_வாய்க்கால்மேடு:

ரொம்ப நன்றிங்க. அங்கிருந்து எப்படி மீட்டாங்கன்னும் கொஞ்சம் விரிவாச் சொன்னா நல்லா இருக்கும். கூண்டில் வளர்த்து விட்டாங்கன்னு ஒரே வரியில்தான் எல்லா இடத்திலும் இருக்குது.

நொய்யல்_தெற்கு:

கூண்டு அதில் ஒரு பகுதிதானுங்க. பறவைப் பாதுகாப்பு அறிஞர் கார்ல் ஜோன்ஸ் 1979இல் மொரீசியஸ் வந்து, மொரீசியஸ் வனவிலங்கு அறக்கட்டளை, டரெல் அறக்கட்டளை, அரசின் தேசியப் பூங்காத் துறை எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது. ஒவ்வொரு கூட்டிலும் குஞ்சு எதனால் சாகிறது என்று பார்த்து அந்தக் காரணத்தை மட்டும் நீக்கினார்கள்.

பொந்தில் தண்ணீர் இறங்கினால் வாசலுக்கு மேலே சின்னக் கூரை, அடியில் வடிகால் துளை. எலியும் குரங்கும் ஏறாமல் இருக்க மரத்தைச் சுற்றி வழுக்கும் பிவிசி தகடு. பக்கத்து மரத்துக் கிளை தொட்டுக்கொண்டிருந்தால் தகடு வீண், அதனால் அந்தக் கிளையையும் கழித்தார்கள். குஞ்சறை மட்டத்தில் பக்கவாட்டில் ஒரு கதவு வெட்டி, குஞ்சை வெளியே எடுத்து எடை பார்க்க வழி செய்தார்கள். நம்ம ஊரில் அதிகம் கேள்விப்படாத எதிரி ஒன்றும் இருந்தது: கூட்டு ஈ. அதன் புழு பொந்தின் அடிக்குப்பையில் ஒளிந்திருந்து குஞ்சின் இரத்தத்தை உறிஞ்சும். சின்னக் குஞ்சு அதிலேயே செத்துவிடும். அடிக்குப்பையை மாற்றி, பூச்சிக்கொல்லித் தூளை அளவாகத் தூவி அதைக் கட்டுப்படுத்தினார்கள்.

நாலு குஞ்சு பொரித்தாலும் காட்டில் இரை குறைவாக இருந்ததால் கடைக்குட்டிகள் பட்டினியில் சாகும். அந்த உபரிக் குஞ்சை எடுத்துக் கையால் வளர்த்தார்கள், அல்லது முட்டை பொரியாத இன்னொரு ஜோடியின் பொந்தில் வைத்தார்கள். பெற்றோரிடம் அவர்களால் வளர்க்க முடிகிற அளவு குஞ்சு மட்டும் இருக்கும். கையால் வளர்ந்தவற்றை 1997இலிருந்து காட்டில் விட்டார்கள். காட்டுப் பறவைகள் பெட்டியையும் தீவனத் தொட்டியையும் ஆரம்பத்தில் சீண்டவே இல்லை. விடப்பட்ட பறவைகள் அவற்றுக்குப் பழகியிருந்தன, அவை வந்து போவதைப் பார்த்து மற்றவையும் வரத் தொடங்கின. மீட்பில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். பெட்டியைத் தொங்கவிட்டால் மட்டும் கிளி வந்துவிடாது, அதைப் பொந்து என்று அறிந்த பறவை ஒன்று வேண்டும்.

அழிவு ஆபத்தில் உள்ள உயிர்களின் உலகச் சிவப்புப் பட்டியலில் (IUCN) எக்கோ 2007இல் 'மிக ஆபத்தான நிலை' என்ற பிரிவிலிருந்து ஆபத்து ஒரு படி குறைந்த பிரிவுக்கு வந்தது. 2019இல் 'அழிவுக்கு இலக்காகக்கூடியது' என்ற பிரிவுக்கு வந்தது. அப்போது 700க்கும் மேல். பிளாக் ரிவர் கார்ஜஸ் தேசியப் பூங்காதான் தாய்க்காடு: 1994இல் அறிவித்தது, பரப்பு சுமார் 65 சதுர கி.மீ. கிழக்கே ஃபெர்னி பள்ளத்தாக்கிலும் பிறகு பறவைகளைக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். கூட்டம் கூடியதும் வந்த சிக்கல் அலகு‑இறகு நோய். 2005 வாக்கில் பெரிசாகப் பரவியது. இறகு உருக்குலைந்து உதிரும், உடம்பின் எதிர்ப்பு குன்றும். இறகுத் தூசியிலும் எச்சத்திலும் வைரஸ் பரவும் என்பதால் தீவனத் தொட்டியும் கூட்டுப்பெட்டியுமே தொற்று மாறுகிற இடமாக ஆகிவிடும் ஆபத்து உண்டு.

பொள்ளாச்சி_தோப்பு:

மூணாவது கேள்வி என் பக்கம். மொரீசியஸ் முறையில் இங்கே ஒத்துவர்றது எது, வராதது எதுன்னு பார்த்துச் செய்யணும்.

எலித்தகடு நம்ம தோப்புக்காரங்களுக்குப் புதுசில்லை. தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் ஒன்றரை அடி அகல நாகத்தகட்டை மரத்தைச் சுற்றிக் கட்டுறதுதான். ஆனால் 25 அடி இடைவெளியில் நட்ட வளர்ந்த தோப்பில் மட்டைக்கு மட்டை தொட்டுக்கிட்டு இருக்கும், எலி மேலேயே தாவிப் போயிடும். அந்த மாதிரி இடத்தில் தகடு கட்டுறது காசுக்குக் கேடு. வரப்போரத் தனித் தென்னை, தனியா நிற்கிற வாகை, வேம்பு பாருங்க.

பெட்டி அளவு: உள்ளே 25க்கு 25 செ.மீ. அடி, உயரம் 55 செ.மீ., வாசல் 7.5 செ.மீ. வட்டம், மேல் விளிம்பிலிருந்து ஒரு சாண் கீழே. பலகை 2 செ.மீ. கனம் இருக்கட்டும். பிளைவுட் ஒரே மழையில் உப்பி வாய் பிளந்துடும், தகர டப்பாவும் பிவிசி குழாயும் பங்குனி வெயிலில் அடுப்பு மாதிரி கொதிச்சுக் குஞ்சைக் கொன்னுடும். அதைவிட நல்லது வெட்டிப்போட்ட தென்னந்தடியில் இரண்டடித் துண்டு எடுத்துக் குடைஞ்சு, மேலும் கீழும் பலகை அடிக்கிறது. கனம் அதிகம், ஆனால் சூடு உள்ளே இறங்காது. வாசலுக்குக் கீழே உள்பக்கம் பலகையில் அரை அங்குல இடைவெளியில் குறுக்குக் கீறல் போடுங்க, இல்லாட்டிக் குஞ்சு வழுக்கி மேலே ஏற முடியாது. அடியில் 6 மி.மீ. துளை நாலு. உள்ளே மரச்சீவல் நாலு விரற்கடை. மரத்தூள் வேண்டாம், ஈரத்தில் பூசணம் பிடிக்கும். வாசலுக்கு முன்னாடி உட்காரக் குச்சி வைக்காதீங்க. கிளிக்கு அது தேவையில்லை, காக்காய்க்குத்தான் வசதி.

உயரம் 5 மீட்டருக்குக் குறையாம, வாசல் கிழக்கு அல்லது வடக்குப் பார்த்து. மேற்கு வெயில் வாசலில் விழக் கூடாது. தென்னையில் ஆணி அடிக்கவே அடிக்காதீங்க. காயம் பட்ட இடத்து வாசத்துக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டை வைக்கும், மரமே போயிடும். பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி அதுமேல் கம்பி கட்டுங்க. தையிலிருந்து சித்திரை வரைக்கும் கிளி கூடு வைக்கிற காலம், கார்த்திகைக்குள்ள பெட்டி ஏறியிருக்கணும்.

முதல் வருசம் வர்றது பெரும்பாலும் மைனாவும் அணிலும்தான். அணில் தேங்காய் நாரை அடைச்சு வச்சிருந்தா குட்டி இருக்கான்னு பார்த்துட்டுத்தான் கை வைக்கணும். பொந்துத்தேனீயும் குடியேறும். மேல்மூடியின் உள்பக்கம் சோப்புக்கட்டியை நல்லாத் தேய்ச்சு விட்டா அடை ஒட்டாது, அது வேற இடம் பார்த்துக்கும்.

ஆனைமலை_அடிவாரம்:

பொள்ளாச்சி அண்ணன் சொன்ன அளவு சரிதான். ஆனால் கிளிக்கென்று பெட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லைங்க. நம்ம பச்சைக்கிளி பொந்துப் பஞ்சத்தில் தவிக்கிற பறவை இல்லை. மன்றத்தின் உழைப்பை மொட்டைப்பனையைக் காப்பாற்றுவதில் போட்டால் பலன் கூடுதல். இடி விழுந்த தென்னையையும் தலை போன பனையையும் விறகுக்கோ செங்கல் சூளைக்கோ தள்ளிவிடாமல் வரப்பில் நிற்க விட்டால் ஒரே மரத்தில் மேலே கிளி, நடுவில் புள்ளி ஆந்தை, கீழே மைனா என்று குடியிருக்கும். காண்டாமிருக வண்டு மக்கிய தென்னந்தடியில் பெருகும் என்பதால் பட்ட தென்னையை நிறுத்தத் தோப்புக்காரங்க தயங்குவாங்க, அது நியாயமான பயம். பனையைக் கேளுங்க, பெரும்பாலும் சரின்னுடுவாங்க. பெட்டி வைத்தே ஆகணும் என்றால் வாசலை 9 செ.மீ. ஆக்கி ஆந்தைக்கு வையுங்க. தோப்பு எலியைக் குறைக்க அது உதவும், தோட்டக்காரரும் பெட்டியைக் கழற்ற மாட்டார்.

பலகையில் கூடு இருக்கும் ஊர்ப் பெயரையோ மரத்தையோ எழுத வேண்டாம். குஞ்சு பிடிக்கிறவர்கள் பொந்தை வெட்டிப் பிளந்துதான் எடுப்பார்கள், அதோடு அந்தப் பொந்து எந்தப் பறவைக்கும் ஆகாது. பச்சைக்கிளியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று ஒரு வரி கட்டாயம் போடுங்க. கூண்டுக் கிளி இன்னும் பல வீட்டில் இருக்குது, பசங்க போய்ச் சொன்னால் காதில் ஏறும்.

கோபி_வாய்க்கால்மேடு:

பனை யோசனை நல்லா இருக்குதுங்க, ஆந்தைப் பெட்டி இரண்டு மட்டும் செய்யலாம்னு நினைக்கிறோம். இன்னொண்ணு: பள்ளி மொட்டை மாடியில் கிளிக்கு அரிசி போடணும்னு பசங்க கேக்குறாங்க. மொரீசியஸில் தீவனம் வச்சாங்களே, அது மாதிரி?

நொய்யல்_தெற்கு:

அங்கே வைத்தது காட்டில் பழம் குறைந்துபோனதால், கிளிகளுக்கான குருணைத் தீவனம். நம்ம கிளிக்கு அந்த நிலை இல்லை. அரிசி போட்டால் முதலில் வருவது புறாதான், ராத்திரி எலி. நூறு பறவை ஒரே தட்டில் எச்சமிட்டுத் தின்றால் நோய் பரவ அதுவே போதும். பசங்க ஆசைப்பட்டால் தண்ணீர் மட்டும் வைக்கச் சொல்லுங்க: அகலமான மண்சட்டி, இரண்டு அங்குல ஆழம், நடுவில் ஒரு கல். தினம் காலையில் கொட்டிக் கழுவணும். வாரம் ஒரு நாள் சோப்புப் போட்டு எச்சத்தைத் தேய்த்து எடுத்த பிறகு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிசம் ஊறவைத்து, அலசி வெயிலில் காயவைக்கணும். எச்சம் ஒட்டியிருக்கும்போதே பிளீச் ஊற்றினால் வேலை செய்யாது.

பொள்ளாச்சி_தோப்பு:

ஆந்தைப் பெட்டின்னா அடி அளவு அதே 25 செ.மீ. போதும், உயரம் 40 செ.மீ. ஆக்கிக்கோங்க. மேல்மூடிக்குக் கீல் வச்சுக் கொக்கி போடுங்க, சுத்தம் பண்ண இறக்க வேண்டியதில்லை. ஆடிக் காத்துக்கு முன்னாடி ஒரு தடவை ஏறிக் கம்பியைச் சரிபார்த்து, பழைய சீவலைக் கொட்டிட்டுப் புதுசு போட்டுடணும். குஞ்சு இருக்கிற மாசங்களில் ஏணி போடவே வேண்டாம், ஆந்தை செரிக்காம கக்கிப் போட்டுக் கீழே கிடக்கிற எலும்பு உருண்டையைப் பொறுக்கிப் பிரிச்சா என்ன தின்னுச்சுன்னு பசங்களே எழுதிடலாம்.